எஃப்.சி.க்குக் காட்டும் வண்டியும் சாலையில் ஓடும் வண்டியும்

சென்ற தை மாதம், அம்மாபேட்டையைத் தாண்டிச் சாலையோரத் தகரக் கொட்டகை ஒன்றில் இரண்டு பேர் ‘குட்டியானை’ என்று நாம் அழைக்கும் சிறு சரக்கு வண்டி ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். என் ஸ்கூட்டருக்குப் பஞ்சர் ஒட்டி முடியும்வரை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தொட்டியின் மூன்று பக்கமும் உயரம் கூட்டியிருந்த ஆங்கிள் சட்டத்தைக் கேஸ் கட்டரால் அறுத்து இறக்கினார்கள். அடியில் படுத்திருந்த பையன், கமான் கட்டில் கூடுதலாகச் சொருகியிருந்த இரண்டு பட்டைகளை உருவி வெளியே தள்ளினான். முன்னால் இருந்த இரும்பு பம்பர் கழன்றது. ஏர் ஹாரனும் கழன்றது. மொட்டையாகிப்போன பின்டயர்கள் இறங்கி, வேறொரு வண்டியிலிருந்து வந்த நல்ல டயர்கள் ஏறின. வண்டிக்காரருக்கு முப்பது வயது இருக்கும். கழற்றியதையெல்லாம் சுவரோரம் அடுக்கிவிட்டு மெக்கானிக்கிடம் சொன்னார்: "பத்திரமா இருக்கட்டும்ணே. செவ்வாய்க்கிழமை எஃப்.சி. முடிஞ்சிடும். புதன்கிழமை காலையில மாட்டிடணும். கொள்முதல் நிலையத்துக்கு ரெண்டு நடை ஒத்துக்கிட்டிருக்கேன்."

மெக்கானிக் தலையாட்டினார். இருவரில் யாருக்கும் அதில் ஒளிவு மறைவு எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை. தீபாவளிக்கு வீட்டுக்கு வெள்ளையடிப்பதைப் போல, எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்கு வண்டியைத் தயார் செய்வது இங்கே ஊரறிந்த வேலை. அன்றிலிருந்து எனக்கு அந்தப் புதன்கிழமைதான் கவலையாக இருக்கிறது. அரசு சோதித்துச் சான்று கொடுத்தது செவ்வாய்க்கிழமை வண்டிக்கு. பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் ஓடப்போவது புதன்கிழமை வண்டி.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. போக்குவரத்து வாகனம் ஒன்றுக்கு நடப்பில் எஃப்.சி. இல்லையென்றால், அது முறையாகப் பதிவு செய்யப்பட்ட வண்டியாகவே கருதப்படாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 56-ஆவது பிரிவு. எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், அதற்குமேல் ஆண்டுதோறும் காட்டியாக வேண்டும். 52-ஆவது பிரிவு இன்னும் கடுமையானது. தயாரிப்பாளர் கொடுத்த அளவுகளிலிருந்து ஆர்.சி. விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பது அதன் சாரம். இந்தப் பிரிவை எவ்வளவு இறுக்கமாகப் படிக்க வேண்டும் என்பதில் இருந்த சந்தேகத்தை, கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. கேரள உயர் நீதிமன்றம் கொடுத்திருந்த தளர்வு அதில் ரத்தானது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, உரிமையாளரே வண்டியை மாற்றியிருந்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

இவ்வளவு கடுமை இருந்தும் ஆங்கிள் சட்டம் ஏறுகிறதென்றால், ஏன் ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். காரணத்தைத் தேடி ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போகத் தேவையில்லை. களத்துமேட்டுக்குப் போனால் போதும்.

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம்தான் விதி. மழை கெடுத்த ஆண்டுகளில் தளர்வு கேட்டு விவசாயிகள் மன்றாடுவதும், மத்தியக் குழு வந்து நெல்லை அள்ளிப் பார்ப்பதும் வழக்கம். குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழையின் வாசலில் வந்து நிற்கும். சம்பா அறுவடையில் எல்லா ஊரிலும் ஒரே வாரத்தில் அறுவடை இயந்திரம் இறங்கும். வானம் கருத்தால் அன்றைக்கே நெல் களத்தை விட்டுக் கிளம்பியாக வேண்டும். ஒரு குட்டியானையின் சுமைத்திறன் சுமார் 750 கிலோ. 40 கிலோ மூட்டைக் கணக்கில் 18 மூட்டை. வெண்ணாற்றங்கரையிலும் குடமுருட்டிக் கரையிலும் லாரி நுழையாத எத்தனையோ தெருக்களிலிருந்து நெல்லை வெளியே கொண்டுவருவது இந்தச் சின்ன வண்டிதான். 18 மூட்டையோடு நான்கு நடை அடிப்பதற்குள் மழை பிடித்துக்கொள்ளும். அதனால் 35 மூட்டை ஏறுகிறது. 35 மூட்டைக்கு இடம் வேண்டுமென்று ஆங்கிள் சட்டம் ஏறுகிறது. 1,400 கிலோவில் வண்டி உட்கார்ந்துவிடாமல் இருக்கக் கமான் பட்டை ஏறுகிறது. மாற்றிய மனிதர் பேராசைக்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நெல்லுக்குச் சொந்தக்காரர் வரப்பில் நின்று கெஞ்சுவதை அவர்தான் தினமும் பார்க்கிறார்.

அதற்காக அந்தப் பட்டையை நான் மன்னித்துவிடவும் இல்லை. அது செய்யும் காரியம் வெளியே தெரியாது. சிறு சரக்கு வண்டிகள் பலவற்றில், பின்பாரம் எவ்வளவு என்பதை வண்டி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை வைத்துக் கணித்து, பின்சக்கர பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு வால்வு இருக்கும். கூடுதல் பட்டை போட்டதும் வண்டி இறங்காது. பாரமே இல்லை என்று அந்த வால்வு நினைத்துக்கொள்ளும். இரண்டு மடங்கு பாரத்தோடு போகிற வண்டியின் பின்சக்கரங்களுக்கு, காலி வண்டிக்கு உரிய பிரேக்தான் கிடைக்கும். இதை அந்த வண்டிக்காரருக்கு யாரும் சொன்னதில்லை. பட்டை போட்டுக் கொடுத்த பட்டறைக்கும் தெரியாது. எஃப்.சி.யன்று பட்டை கழன்றுவிடுவதால் 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்று நம் ஊரில் அழைக்கப்படும் மோட்டார் வாகன ஆய்வாளரும் இதைப் பார்க்கப் போவதில்லை. மாற்றம் ஒளிந்துகொள்வதால் அதைப் பற்றிய அறிவும் ஒளிந்துகொள்கிறது. எனக்குப் பெரிய குறையாகப் படுவது இதுதான்.

வைக்கோல் வண்டிகளையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். அறுவடை முடிந்ததும் காவிரி டெல்டாவிலிருந்து வெளியூர்களுக்கு வைக்கோல் போகிறது. எடை அதிகம் இல்லாத, இடத்தை மட்டும் அடைக்கும் சுமை அது. அதற்காகத் தொட்டியின் பக்கவாட்டில் மூங்கிலும் குழாயும் கட்டி அகலம் கூட்டுகிறார்கள். தொட்டியை விட்டு வெளியே நீளும் சுமைக்கு 20,000 ரூபாய் அபராதம் என்று சட்டம் சொல்கிறது. எதிரே பைக்கில் வருபவருக்கு அந்த மூங்கில் முனை இருட்டில் தெரியாது. தாழ்ந்து தொங்கும் மின்கம்பியில் உரசி வைக்கோல் வண்டி நடுச்சாலையில் எரிந்த செய்தி இல்லாமல் எந்த அறுவடைக் காலமும் கழிவதில்லை.

டிராக்டர் கதை வேறு. வேளாண் டிராக்டர் போக்குவரத்து வாகனக் கணக்கில் வராது என்பதால் ஆண்டுதோறும் எஃப்.சி.க்கு வரவேண்டியதில்லை. சேற்றுழவுக்காக ரப்பர் டயருக்குப் பதில் மாட்டும் கேஜ் வீல், நம் மண்ணுக்கு ஏற்ற அருமையான ஏற்பாடு. ஆனால் வயலை விட்டு அடுத்த வயலுக்குப் போக அதே இரும்புச் சக்கரத்தோடு தார்ச்சாலையில் ஏறினால், போட்டு ஒரு வருடம்கூட ஆகாத ஊராட்சிச் சாலையில் வரிவரியாகப் பள்ளம் விழும். தடை உண்டு, ஆண்டுதோறும் எச்சரிக்கை அறிவிப்பும் வரும். சக்கரத்தைக் கழற்றி மாட்ட ஆகும் நேரத்துக்கு வாடகை யார் கொடுப்பது என்ற கேள்விக்கு மட்டும் அந்த அறிவிப்பில் பதில் இருக்காது. டிராக்டர் இழுக்கும் டிப்பரின் நிலைமை இன்னும் மோசம். பின்விளக்கு இல்லாமல், ஒளிரும் ஒட்டுப்பட்டைகூட இல்லாமல், நெல் மூட்டையோடு இரவில் நெடுஞ்சாலையோரம் நின்ற டிப்பரில் மோதிப் போன உயிர்கள் எங்கள் பக்கத்து ஊர்களிலேயே இருக்கின்றன.

புகைச் சோதனைக்கு வருவோம். இங்கே ஏமாற்று இன்னும் சுலபம், பாதிப்பு இன்னும் பரவலானது.

டீசல் வண்டிக்குப் புகை டெஸ்ட் எடுப்பது இப்படி: இன்ஜினைச் சூடாக்கி, கியரில் போடாமல், ஆக்சிலேட்டரை ஒரே மிதியாக அடிவரை மிதிக்க வேண்டும். புகைக்குழாயில் செருகிய குழல் வழியே வரும் புகை எவ்வளவு வெளிச்சத்தை மறைக்கிறது என்று கருவி அளக்கும். பலமுறை மிதித்துச் சராசரி எடுப்பார்கள். பி.எஸ்.-4 என்ற மாசு விதிக்கு முந்தைய வண்டியென்றால் அளவு 65-ஐத் தாண்டக் கூடாது. பி.எஸ்.-4 என்றால் 50. பழைய வண்டிகளில் இழுவை வேண்டுமென்பதற்காக டீசல் பம்ப்பின் ஸ்க்ரூவைத் திருகி, இன்ஜினுக்கு அளவுக்கு மீறி எண்ணெய் போகும்படி வைத்திருப்பார்கள். பாரத்தோடு பாலத்தில் ஏறும்போது கரும்புகை கக்குவது அதனால்தான். டெஸ்டுக்கு முந்தின நாள் அந்த ஸ்க்ரூ அரைச்சுற்று பின்னால் போகும். ஏர் ஃபில்டர் மாறும். வண்டி பாஸ். மறுநாள் அரைச்சுற்று முன்னால் வரும். ஸ்க்ரூ டிரைவரும் ஸ்பேனரும் இருந்தால் பத்து நிமிட வேலை. சில இடங்களில் அந்தப் பத்து நிமிடமும் தேவைப்படுவதில்லை. என் சொந்த வண்டிக்கே, இன்ஜினை முடுக்காமல், குழலைப் புகைக்குழாயில் வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு சான்று அச்சடித்துக் கொடுத்த அனுபவம் எனக்கு உண்டு. கேட்டதற்கு, "உங்க வண்டி நல்ல வண்டிதானே சார்" என்றார்கள்.

புதிய வண்டிகளில் நடப்பது இதைவிட நுட்பமானது. 2020 ஏப்ரலிலிருந்து நாடு முழுக்க பி.எஸ்.-6. இந்த டீசல் லாரிகளில் நைட்ரஜன் ஆக்சைடுகளை அடக்க ஆட்ப்ளூ என்ற யூரியாக் கரைசல் ஊற்ற வேண்டும். அந்தச் செலவை மிச்சம் பிடிக்க, கரைசல் இருப்பதாக வண்டியின் கம்ப்யூட்டரை நம்பவைக்கும் சின்னப் பெட்டி ஒன்றைச் சொருகிவிடுகிறார்கள். நம் நாட்டுப் புகைச் சான்று டீசல் வண்டியின் புகை அடர்த்தியைத்தான் அளக்கிறது. நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதே இல்லை. அதனால் அந்தப் பெட்டி சொருகிய லாரி எந்தச் சிக்கலும் இல்லாமல் பாஸாகிவிடும், அதுவும் ஓராண்டுக்கு. துகள்களைப் பிடிக்கும் வடிகட்டியைக் குடைந்து எடுத்துவிட்ட வண்டியும் பழைய பாணிப் புகைமானியில் தப்பித்துவிடக்கூடும். ஐரோப்பாவில் இதைக் கண்டுகொண்டதால்தான் பெல்ஜியம் 2022-லும், நெதர்லாந்தும் ஜெர்மனியும் 2023-லும் புகையில் உள்ள நுண்துகள்களை எண்ணும் கருவியை ஆண்டுச் சோதனைக்குள் கொண்டுவந்தன.

சோதனை நடக்கிறது என்று தெரிந்தால் ஒரு முகம், சாலையில் ஒரு முகம் என்று வண்டியை வைத்திருப்பது அம்மாபேட்டைக் கொட்டகையில் பிறந்த யோசனை இல்லை. உலகத்தின் மிகப் பெரிய கார் நிறுவனங்களில் ஒன்றான ஃபோக்ஸ்வேகன், ஆய்வகச் சோதனையை அடையாளம் கண்டு அப்போது மட்டும் புகையைக் குறைக்கும் மென்பொருளை லட்சக்கணக்கான டீசல் கார்களில் வைத்திருந்தது 2015 செப்டம்பரில் அமெரிக்காவில் அம்பலமானது. இந்தியாவிலும் 3,23,000-க்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்வதாக அந்த நிறுவனம் அறிவிக்க வேண்டியதாயிற்று. இப்போது புதிய மாடல்களை ஆய்வகத்தில் மட்டும் சோதித்தால் போதாது, சாலையில் ஓட்டியும் அளக்க வேண்டும் என்ற விதி ஐரோப்பாவில் 2017-லும் இங்கே 2023 ஏப்ரலிலும் வந்துவிட்டது. புது வண்டி விற்கும் நிறுவனத்திடம் சாலையில் ஓட்டிக் காட்டு என்று கேட்கத் தெரிந்த நாடு, பத்து வருடம் ஓடிய வண்டியை மட்டும் ஏன் மைதானத்தில் நிறுத்திவைத்தே பார்த்து அனுப்புகிறது?

மைதானச் சோதனை என்ன பிடிக்கும், என்ன தவறவிடும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஆறாத ஒரு வடு உண்டு. 2012 ஜூலை 25. தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில், பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியே விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அதே பேருந்தின் சக்கரத்தில் சிக்கி இறந்தாள். அந்தப் பேருந்துக்கு நடப்பில் எஃப்.சி. இருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து அதை விசாரணைக்கு எடுத்தது. பள்ளி வாகனங்களுக்கென்றே தனிச் சிறப்பு விதிகள் அதே ஆண்டு பிறந்தன. இன்று மே மாதம் வந்தால் எல்லா மாவட்டங்களிலும் பள்ளி வண்டிகளை வரிசையில் நிறுத்தி, தரைப்பலகையைத் தட்டிப் பார்த்து, அவசர வழியைத் திறந்து பார்த்து, குறை இருந்தால் திருப்பி அனுப்புகிறார்கள். பார்க்க நிறைவாக இருக்கிறது. ஒரு குழந்தையின் உயிருக்குப் பிறகு வந்த ஒழுங்கு அது. நெல் வண்டிக்கும் டிப்பருக்கும் அப்படி ஓர் ஒழுங்கு வர இன்னும் எதற்குக் காத்திருக்க வேண்டும்?

கண்ணால் பார்க்கும் சோதனைக்குப் பதில் இயந்திரச் சோதனை என்று மத்திய அரசு 2021-லேயே விதி வகுத்தது. உருளைமேல் சக்கரத்தை ஏற்றி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பிரேக்கை அளப்பார்கள். முகப்பு விளக்கின் கோணத்தை அளப்பார்கள். சோதனை நிலையம் நடத்துபவர் பழுது பார்க்கவோ உதிரிப்பாகம் விற்கவோ கூடாது என்ற நல்ல நிபந்தனையும் அதில் உண்டு. கனரக வாகனங்களுக்கு 2023 ஏப்ரல் முதல் கட்டாயம் என்றார்கள். பிறகு அதை 2024 அக்டோபருக்குத் தள்ளிவைத்தார்கள். நான் இயந்திரச் சோதனையின் பக்கம்தான். கறாரான எண் ஒன்று கையில் இருந்தால் ஆய்வாளருக்கும் வண்டிக்காரருக்கும் இடையே பேரத்துக்கு இடமிருக்காது. ஆனால் வேதாரண்யத்திலிருந்து வண்டியைக் காலியாக ஓட்டிக்கொண்டு வெகுதூரம் போய், வரிசையில் நின்று, ஒரு நாள் வருமானத்தையும் இழந்து சான்று வாங்க வேண்டியிருந்தால், சான்றே இல்லாமல் ஓட்டுகிறவர்கள் பெருகுவார்கள். உருளையும் கூட செவ்வாய்க்கிழமை வண்டியைத்தான் அளக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

அதனால் நான் கேட்பது வேறு. அந்த ஆங்கிள் சட்டத்தை எஃப்.சி.க்கே கொண்டுவரச் சொல்லுங்கள்.

ஜெர்மனியில் வண்டியின் சக்கரத்தையோ உயரத்தையோ மாற்ற வேண்டுமென்றால், அங்கீகரிக்கப்பட்ட பொறியாளரிடம் காட்டி, அவர் சோதித்து ஒப்புக்கொண்டால் அந்த மாற்றம் வண்டியின் ஆவணத்திலேயே ஏறும். அதற்குப் பிறகு யாரும் கேட்க முடியாது. ஒப்புக்கொள்ளாவிட்டால் கழற்ற வேண்டும். நம் சட்டத்திலும் இதற்கு வாசல் இல்லாமல் இல்லை. மாற்றுத்திறனாளிகள் ஸ்கூட்டருக்குப் பக்கச் சக்கரம் மாட்டிப் பதிவு செய்துகொள்கிறார்கள். கேஸ் கிட் மாட்டினால் ஆர்.சி.யில் குறிக்கிறார்கள். 2019 திருத்தம், வாகன மாற்றங்களுக்கான அளவுகளையும் நிபந்தனைகளையும் வகுக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு வெளிப்படையாகவே கொடுத்திருக்கிறது. அந்த அதிகாரத்தை விவசாய வண்டிகளுக்காகப் பயன்படுத்தச் சொல்லித் தமிழ்நாடு அரசு எழுதிக் கேட்க வேண்டும். வைக்கோலுக்கு எவ்வளவு உயரம் வரை சட்டம் கட்டலாம், எந்தக் குழாயில் கட்ட வேண்டும், எந்த முனையில் சிவப்பு விளக்கு வேண்டும் என்று வேளாண் பொறியியல் துறை ஒரு வரைபடம் போட்டுக் கொடுக்கட்டும். கரூரில் பேருந்துக்கும், நாமக்கல், திருச்செங்கோட்டில் லாரிக்கும் பாடி கட்டும் பட்டறைகள் வரைபடத்தின்படி வேலை செய்து பழகியவை. நம் ஊர்ப் பட்டறைக்காரருக்கும் அந்தத் திறமை உண்டு. அவர் கையில் வரைபடம் இல்லை, அவ்வளவுதான்.

கூடுதல் கமான் பட்டைக்கும் ஏர் ஹாரனுக்கும் ஆட்ப்ளூ பெட்டிக்கும் என்னிடம் எந்தச் சலுகையும் கிடையாது. இரும்பு பம்பரை 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு கூடாது என்று சொல்லிவிட்டது. நடந்து போகிறவர் காலை ஒடிக்கும் அந்த இரும்பு, ஏர்பேக் உள்ள வண்டியில் உட்கார்ந்திருப்பவரையும் காப்பாற்றவிடாது. பிழைப்புக்காகச் செய்த மாற்றத்துக்கு ஒரு வழியைத் திறந்துவிட்ட பிறகு, மற்றவற்றைச் சாலையிலேயே நிறுத்தி, கையடக்கக் கருவியால் அளந்து, தயவு தாட்சண்யமில்லாமல் பிடிக்கலாம். இன்று ஆய்வாளர் அதைச் செய்யத் தயங்குவதற்குக் காரணம், பிடிக்க ஆரம்பித்தால் அறுவடைக் காலத்தில் ஒரு வண்டியும் மிஞ்சாது என்பது அவருக்கே தெரியும். நீடாமங்கலத்தில் சரக்கு ரயிலுக்கு நெல் ஏற்ற வரிசைகட்டி நிற்கும் லாரிகளை ஒரு தடவை பார்த்தவர்களுக்கு அவருடைய தயக்கம் புரியும்.

சின்னச் சின்ன ஏற்பாடுகளும் இருக்கின்றன. தோற்ற வண்டிக்குக் குறைகளைத் தமிழில் எழுதிக் கொடுத்து, பத்து நாளுக்குள் சரிசெய்து வந்தால் மறுசோதனைக்குக் கட்டணம் வாங்காமல் பார்க்கலாம். கேஜ் வீல் டிராக்டர்களை ஏற்றிச் செல்லத் தாழ்வான டிரெய்லர்களை வேளாண் பொறியியல் துறை வாடகைக்கு வைத்திருக்கலாம். டிப்பருக்கு ஒட்டும் ஒளிர்பட்டை சில நூறு ரூபாய்தான். கொள்முதல் நிலையத்துக்கு நெல் கொண்டுவரும் டிப்பருக்கு அங்கேயே இலவசமாக ஒட்டிவிட்டால் ஒரே பருவத்தில் டெல்டா முழுவதும் ஒட்டியாகிவிடும்.

ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்தால் செப்டம்பரில் குறுவை அறுப்பு. அதற்கு முன்னால், வண்டிகளுக்கு வேலை குறைந்த ஆடி மாதத்தில், தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை அலுவலகங்கள் ஐந்தும் ஆளுக்கு ஒரு முகாம் நடத்த முடியும். முகாமில் அபராதம் வேண்டாம். "எதையும் கழற்றாமல், நீங்கள் ஓட்டுகிறபடியே கொண்டுவாருங்கள்" என்று மட்டும் அழைப்பில் எழுதியிருக்கட்டும். அம்மாபேட்டை வண்டிக்காரர் ஆங்கிள் சட்டத்தோடும் அந்த இரண்டு பட்டைகளோடும் வருவார். வண்டியை உருளைமேல் ஏற்றி, 35 மூட்டையை வைத்து, பிரேக் பிடிக்கச் சொல்லி, அந்த எண்ணை அவருக்கே காட்டுங்கள். அதுவரை யாரும் அவருக்கு அதைக் காட்டியதில்லை.